தாதியர் படிக்கும் பிள்ளையும் கையிலுள்ள போனும்



தாதியர் கல்வி படிக்கும் பிள்ளைகளின் உம்மாமார் என்னிடம் அடிக்கடி சொல்லும் முறைப்பாடு ஒன்றுதான்: "எந்த நேரமும் போனோடதான் இரிக்கா டீச்சர்." போனைப் பறிப்பதற்கு முன் இதையும் கொஞ்சம் யோசியுங்கள்.

காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடிப் பிள்ளைகள் பெரும்பாலும் உயர்தரம் வரை தமிழில்தான் படிக்கிறார்கள். நாம் வகுப்பில் சோணையறை, இதயவறை என்று படிப்பித்தது, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞான பீடத்துக்குப் போனதும் ஏட்ரியம், வென்ட்ரிக்கிள் ஆகிவிடுகிறது. விரிவுரை ஆங்கிலத்தில். விளங்காத இடத்தில் விரிவுரையாளரை நிறுத்தி நிறுத்திக் கேட்க முடியாது; யூடியூப்பை நிறுத்தலாம், பத்துத் தரம் திருப்பிப் பார்க்கலாம்.

இதயம் நின்றுபோன பெரியவரின் நெஞ்சை 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். புத்தகத்தில் இது வெறும் இலக்கம். காணொளியில் பார்த்தால்தான் அந்த வேகம் பிடிபடும். பிறகு பொம்மையில் செய்து பழக வேண்டும். பார்த்தது மட்டும் போதாது.

அன்பான மாணவிகளே, மாணவர்களே, உங்களுக்கும் இரண்டு விடயம்.

முதலாவது, காணொளி எந்த நாட்டுக்காரருடையது என்று பாருங்கள். காய்ச்சலுக்கு ஐபுபுரோஃபன் கொடுக்கலாம் என்று வெளிநாட்டில் ஒருவர் சொல்வார். அவருடைய ஊருக்கு அது சரியாக இருக்கலாம். மாரி காலத்தில் வாவியைச் சுற்றியுள்ள நம் ஊர்களில் காய்ச்சல் என்றால் முதலில் டெங்குவை நினைக்க வேண்டும். டெங்குவில் அந்த மருந்து இரத்தப்போக்கைக் கூட்டிவிடும். பரசிற்றமோல் மட்டும்தான், அதுவும் அளவோடு. சந்தேகம் வந்தால் வார்ட்டில் இருக்கும் சிஸ்டரிடமும் சுகாதார அமைச்சின் வழிகாட்டலிலும் கேளுங்கள். வாட்ஸ்அப் குழுவில் வந்தது என்பதற்காக அது பாடமாகிவிடாது.

இரண்டாவது, நோயாளியின் புண்ணையோ, கட்டில் சீட்டையோ, ஸ்கேனையோ "படிப்புக்குத்தானே" என்று குழுவில் போடாதீர்கள். முகம் தெரியாவிட்டாலும் நம் ஊரில் ஆளைக் கண்டுபிடிக்க அரைமணி நேரம் போதும். நோயாளியின் இரகசியத்தைக் காப்பதாகச் சொல்லும் நைட்டிங்கேல் உறுதிமொழி 1893இல் எழுதப்பட்டது. நமக்கு அது புதிதல்ல, அமானிதம் என்றே சொல்லி வளர்ந்திருக்கிறோம்.

பெற்றோரே, போனை வாங்கிப் பூட்டி வைக்காதீர்கள். பக்கத்தில் இருந்து, "மகள், இண்டைக்கு என்ன படிச்சீங்க?" என்று கேளுங்கள். அவள் விளங்கப்படுத்திச் சொன்னால், டேட்டாவுக்குக் கேட்கும் காசைத் தயங்காமல் கொடுங்கள்.