பின்னலுக்கு என்ன கூலி?

சிதம்பரத்தில் தேர் வீதியை ஒட்டிய சந்து ஒன்றில், பழைய வீட்டின் மாடியறையை வாடகைக்குப் பிடித்திருந்தார் என் தோழி. கல்லூரியில் பாடம் நடத்துபவர், தனியாக இருப்பவர். பத்தடிக்குப் பதினான்கடியில் ஒரே அறை. சமையல் மேடை ஒரு மூலையில். தேக்கு விட்டங்களின் மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்து போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரை. வழவழவென்று சிவப்புச் சிமெண்ட் தரை. சுவருக்குள்ளேயே பதித்த மர அலமாரி. விட்டத்தில் ஊஞ்சல் கொக்கி அப்படியே இருந்தது. சாமான் வாங்க அவர் ஒதுக்கியிருந்த தொகை 15,000 ரூபாய்.

கூட வேலை பார்ப்பவர்கள் தவணையில் கட்டிலும் சோபாவும் எடுக்கச் சொன்னார்களாம். தோழிக்கு வேறு எண்ணம். வீட்டுக்கார அம்மா பரணில் கிடந்த இரண்டு தேக்கு நாற்காலிகளை இறக்கிக் கொடுத்து, "சட்டம் நல்லா இருக்கு, பிரம்புதான் போயிடுச்சு. வேணும்னா பின்னிக்கம்மா" என்று சொல்லியிருந்தார். "தைக்காலுக்குப் போய்ப் பின்னிக்கிட்டு வருவோம், வர்றியா?" என்று தோழி கேட்டார். நாற்காலிகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம்.

கொள்ளிடம் பாலத்தைக் கடந்து சீர்காழி போகும் சாலையில் போனால் தைக்கால் வந்துவிட்டது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. சாலையின் இரு பக்கமும் பிரம்பு ஊஞ்சல், தொட்டில், சாய்வு நாற்காலி, சோபா, கூடை என்று தொங்கிக்கொண்டும் அடுக்கிக்கொண்டும் இருக்கும். முன்பு கொள்ளிடக் கரையிலேயே பிரம்பு வெட்டியிருக்கிறார்கள் என்று கடைக்காரர் ஒருவர் சொன்னார். இப்போது அசாமிலிருந்து கட்டுக்கட்டாக லாரியில் வருகிறது. மூங்கிலையும் பிரம்பையும் ஒன்றாக நினைப்பவர்கள் நிறையப் பேர். மூங்கில் புல் வகை, உள்ளே பொந்து. பிரம்பு பனையின் உறவு. முள்ளைக் கொக்கியாகப் போட்டு மரத்துக்கு மரம் தாவி ஏறும் கொடி, உள்ளே கெட்டி. அதனால்தான் தீயில் வாட்டி வளைத்தால் உடையாமல் வளைகிறது, தோலை உரித்தால் நீளமான நாராக வருகிறது. தண்டு சட்டத்துக்கும் தோல் பின்னலுக்கும் போகும்.

புதுச் சாமான் செய்பவர்கள் அங்கே பலர். பழைய மர நாற்காலிக்கு இருக்கை பின்னித் தருபவரைத் தேடித்தான் பின்பக்கத் தெருவுக்குப் போக வேண்டியிருந்தது. கொட்டகை ஒன்றில் தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார் ஒரு பெரியவர். வயது அறுபதுக்கு மேல். ஒரு கண்ணில் புரை. நாற்காலியை வாங்கித் தலைகீழாகக் கவிழ்த்தார். பார்த்ததைவிடத் தடவியதுதான் அதிகம். இருக்கைச் சட்டத்தைச் சுற்றியிருந்த ஓட்டைகளின் மேல் கட்டைவிரலை ஓட்டிக்கொண்டே வந்தவர், "ஓட்டை போட்ட ஆசாரி கெட்டிக்காரர். அரை இஞ்சுக்கு ஒண்ணு, ஒரு இடத்துல கூடத் தப்பல" என்றார்.

பழைய நாற்காலி வாங்க நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சட்டத்தில் வரிசையாக ஓட்டை இருந்தால் அது கையால் பின்னும் நாற்காலி, எத்தனை முறை வேண்டுமானாலும் புதிதாகப் பின்னலாம். ஓட்டை இல்லாமல் சுற்றிலும் பள்ளம் மட்டும் இருந்தால், இயந்திரத்தில் நெய்து வரும் பிரம்புத் தாளை அந்தப் பள்ளத்தில் பசை போட்டு அழுத்தியிருக்கிறார்கள் என்று பொருள். அதையும் மாற்றலாம், ஆனால் அது வேறு வேலை. மற்றபடி பெரியவர் சொன்ன சோதனை எளிது. காலைப் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும், அடிப்பக்கம் தட்டினால் மாவு கொட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். மாவு கொட்டினால் மரம் உளுத்துவிட்டது, எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

அவரிடம் இருந்த கருவிகளை ஒரு டப்பாவில் போட்டுவிடலாம். ஒரு கத்தி, ஒரு சுத்தி, ஓட்டையில் செருகும் மரமுளைகள் கொஞ்சம், ஒரு குத்தூசி. அந்தக் குத்தூசியிலிருந்து என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை. குடைக்கம்பியைத் தேய்த்துக் கூராக்கியது. கைப்பிடிக் கட்டையில் கட்டைவிரல் அழுந்தும் இடம் குழிந்து பளபளத்தது. அவருடைய தாய்மாமன் வைத்திருந்ததாம். ஓட்டையில் இறுகிக் கிடக்கும் பழைய பிரம்பைக் குத்தி வெளியே தள்ளுவது, நெருங்கிவிட்ட இழைகளைப் பிரித்து வழி விடுவது, கோணிய இழையை நேராக்குவது எல்லாமே அதால்தான். பேசும்போதும் அதை அவர் கீழே வைக்கவில்லை.

பிரம்பு நார் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது. பளபளப்பான பக்கம் மேலே இருக்கும்படி, முதலில் நெடுக்காக ஒரு வரிசை. அதன் மேல் குறுக்காக ஒரு வரிசை. திரும்ப நெடுக்காக, முதல் வரிசைக்குப் பக்கத்திலேயே. இந்த மூன்று வரைக்கும் பின்னல் கிடையாது, ஒன்றின் மேல் ஒன்று படுத்துக்கிடக்கும். நாலாவதாகப் போகும் குறுக்கு இழையில்தான் மேலும் கீழும் போய் வரும் வேலை ஆரம்பிக்கிறது. அது முடிந்ததும் மூலைக்கு மூலை ஒரு வரிசை, எதிர்மூலைக்கு இன்னொரு வரிசை. ஆறும் முடிந்தால் எண்கோணக் கண் ஒவ்வொன்றாகத் திறந்துகொள்ளும். ஓட்டைகளை மறைத்து ஓரத்தில் ஒரு பட்டை ஓட்டிக் கட்டிவிட்டால் வேலை முடிந்தது. காயக் காயப் பிரம்பு இழுத்துக்கொண்டு விறைப்பாகும்.

மூலை இழை போடும்போது அவர் பேச்சை நிறுத்திவிட்டார். ஒரு திசையில் போகும் இழை நெடுக்குக்கு மேலேயும் குறுக்குக்குக் கீழேயும் போக வேண்டும். எதிர்த்திசையில் போவது அப்படியே தலைகீழ். சரியாகப் போனால் இழை தானாகவே மூலைக்குள் வழுக்கி உட்கார்ந்துகொள்ளும். தோழி குனிந்து பார்த்து, "மாத்திப் போட்டா என்ன ஆகும் ஐயா?" என்று கேட்டார்.

"பார்க்க ஒண்ணும் தெரியாதும்மா. ஆனா இழை ஒண்ணோட ஒண்ணு மாட்டிக்கும். உக்காந்து எந்திரிக்க எந்திரிக்க அந்த இடம் தேயும், சீக்கிரம் அறுந்துடும். வாங்குறவங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்ல."

சின்ன வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு மாமனிடம் வந்து சேர்ந்தவர். முதலில் பிரம்பு சீவுவது மட்டும்தான் வேலை. பின்னலில் கை வைக்க மாமன் வெகுநாள் விடவில்லை. பிறகு சென்னைக்குப் போய்ப் பல ஆண்டுகள் அலுவலக நாற்காலிகளுக்குப் பின்னியிருக்கிறார். அரசு அலுவலகம், நீதிமன்றம், வங்கி என்று எங்கும் அப்போது பிரம்பு இருக்கைதான். ஆனால் அந்த அலுவலகங்களில் ஒருவர்கூட அவரிடம் நேராக வேலை கொடுத்ததில்லை. ஒப்பந்தக்காரர் ஒருவர் மொத்தமாக எடுத்து இவர்களிடம் கொடுப்பார். நாற்காலிக்கு என்ன பில் போட்டார் என்பது கடைசிவரை இவருக்குத் தெரியாது. பிறகு பிரம்பு போய் நைலான் ஒயர் வந்தது. ஒயர் போய் பிளாஸ்டிக் நாற்காலியும் மெத்தை நாற்காலியும் வந்தன. வேலை நின்றுபோய் ஊருக்குத் திரும்பிவிட்டார்.

"இப்ப மறுபடி பழசு கேக்குறாங்க" என்றார். வியாபாரிகள் செட்டிநாட்டுப் பக்கம் இடிக்கிற வீடுகளிலிருந்து சட்டங்களை அள்ளிக்கொண்டு வருகிறார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் இந்தப் பழம்பொருள்களுக்கென்றே கடைகள் வரிசையாக இருக்கின்றன. தைக்காலுக்கு வரும் வியாபாரி ஒருவர் நாற்காலிக்கு 1,000 ரூபாய் கொடுப்பாராம். அதே நாற்காலி சென்னையில் 18,000 ரூபாய் என்று விலை போட்டிருந்ததைப் பெரியவரின் பேரன் செல்போனில் காட்டியிருக்கிறான். "நீங்கதான் பின்னுனீங்கன்னு எப்படி தாத்தா தெரியும்னு கேட்டான். என் முடிச்சு எனக்குத் தெரியாதாடா?" இதைச் சொன்னபோது அவர் குரலில் வருத்தமே இல்லை. கேட்டுக்கொண்டிருந்த எனக்குத்தான் வயிறு எரிந்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரு நாற்காலிக்கு முழுதாக இரண்டு நாள் ஆகிறது. பிரம்புக்கு ஏறக்குறைய 400 ரூபாய். வியாபாரி தரும் ஆயிரத்தில் மிஞ்சுவது இரண்டு நாளுக்கு 600 ரூபாய். கட்டட வேலைக்குப் போகும் சித்தாளுக்குக் கிடைப்பதைவிடக் குறைவு. ஐம்பது வருட அனுபவத்துக்கு இதுதான் விலை.

சோழமண்டலக் கரைக்கு இந்தக் கதை புதிதல்ல. 17ஆம் நூற்றாண்டில் இந்தக் கரையில் கருங்காலி மரத்தில் குடைந்து குடைந்து செதுக்கிய நாற்காலிகள் ஐரோப்பாவுக்குப் போயின. பலவற்றின் இருக்கை பிரம்புப் பின்னல். 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து எழுத்தாளர் ஹோரஸ் வால்போல் தன் ஸ்ட்ராபெரி ஹில் மாளிகைக்கு அவற்றை வாங்கிப் போட்டு, டியூடர் மன்னர் காலத்து இங்கிலாந்துச் சாமான் என்றே நம்பினார். செய்த கை எந்தக் கரையில் இருந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. சண்டிகரில் நடந்தது நம் காலத்துக் கதை. கட்டடக் கலைஞர் பியர் ஜான்னரே 1950களில் அந்த நகரத்து அலுவலகங்களுக்காகத் தேக்கிலும் பிரம்பிலும் வடிவமைத்த நாற்காலிகள் உடைந்ததும் கழிவாக ஏலம் போயின. அடிமாட்டு விலைக்கு எடுத்த வியாபாரிகள் பழுது பார்த்து வெளிநாட்டு ஏலங்களில் பல லட்சத்துக்கு விற்றார்கள். 2011இல் மத்திய உள்துறை அமைச்சகம் தடை உத்தரவு போட்ட பிறகும் அவை வெளியே போய்க்கொண்டுதான் இருந்தன. அந்த லட்சங்களில் பின்னியவர்களுக்கு எதுவும் வரவில்லை. இதற்கு மாறாக, உலகத்திலேயே அதிகம் பிரம்பு விளையும் இந்தோனேசியா, பிரம்பைக் கச்சாவாக ஏற்றுமதி செய்யக் கூடாது என்று 2012இல் தடை கொண்டுவந்தது. பின்னல் வேலை தன் நாட்டிலேயே நடக்கட்டும் என்பதுதான் நோக்கம். கைக்கு மதிப்பு உண்டு என்பதை ஒரு அரசாங்கம் சட்டமாகவே சொல்ல முடிகிறது.

தோழி பெரியவரிடம் பேரம் பேசவில்லை. "நீங்களே சொல்லுங்க ஐயா" என்றார். அவர் தயங்கி, நாற்காலிக்கு 1,200 என்றார். இருவரும் ஒரே குரலில் 1,500 என்றோம். அவர் மறுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் ஒப்புக்கொண்டார். பராமரிப்பையும் அவரே சொல்லிக் கொடுத்தார். இருக்கை தொய்ந்தால் அடிப்பக்கம் ஈரத்துணியால் நன்றாகத் துடைத்து ஒரு இரவு காயவிட்டால் திரும்ப இறுகிவிடும். வெயிலிலும் ஏசி காற்றுக்கு நேராகவும் போடக் கூடாது, காய்ந்து ஒடியும். பரணில் சாமான் எடுக்க அதன் மேல் ஏறி நிற்கவே கூடாது.

அந்த அறையை இப்போது போய்ப் பார்த்தால், சிறிய இடத்துக்குப் பிரம்பு எவ்வளவு பொருந்துகிறது என்பது புரியும். சன்னலோரம் இரண்டு நாற்காலிகள். பின்னலுக்குள் வெளிச்சமும் காற்றும் புகுந்து போவதால் இடத்தை அடைத்த மாதிரியே தெரியவில்லை. ஒரு கையால் தூக்கி வராந்தாவில் போட்டுவிடலாம். சுவரோரம் பழைய சாமான் கடையில் 1,500 ரூபாய்க்கு எடுத்த பள்ளிக்கூட பெஞ்சு. எழுதுவது, சாப்பிடுவது எல்லாம் அதில்தான். பகலில் மடக்கிச் சாத்திவைக்கும் நாடாக் கட்டில். தைக்காலிலேயே வாங்கிய பிரம்பு ஸ்டூல். துணிமணியும் புத்தகமும் சுவர் அலமாரிக்குள் அடங்கிவிட்டதால் பீரோவே தேவைப்படவில்லை. ஊஞ்சலுக்கு ஆசைப்பட்டார்தான், ஆனால் ஆடுவதற்கு இடம் வேண்டுமே. அந்தக் கொக்கியில் விளக்கைத் தொங்கவிட்டிருக்கிறார். அறையின் நடுவில் சிவப்புத் தரை முழுதாகத் தெரிகிறது. பாய் விரித்தால் நாலு பேர் உட்காரலாம். எல்லாம் சேர்த்து 9,000 ரூபாய்க்குள் முடிந்துவிட்டது.

மலிவாக வீட்டை அமைப்பது என்றால் மலிவான சாமானை வாங்குவது என்று ஆகிவிட்டது. அமுக்கிய மரத்தூளில் செய்த மேசை ஒருமுறை நனைந்தால் ஊதிப்போகும், அதைச் சரிசெய்ய ஊரில் ஆள் கிடையாது, குப்பைக்குத்தான் போகும். பழுது பார்க்க முடிந்த சாமான்தான் உண்மையில் மலிவு. பழுது பார்க்கும் ஆள் பிழைத்திருந்தால்தான் அதுவும் நடக்கும்.

நம் தாலுகா அலுவலகங்களிலும் நீதிமன்றங்களிலும் பள்ளிகளிலும் இருக்கை கிழிந்த தேக்கு நாற்காலிகள் வராந்தாவில் குவிந்து கிடக்கின்றன. பார்வையற்றோருக்கான தொழிற்பயிற்சியில் நாற்காலி பின்னுவது வெகுகாலமாக ஒரு பாடம். கற்றுக்கொண்டவர்கள் இருக்கிறார்கள், நாற்காலிகளும் இருக்கின்றன. நடுவில் ஒப்பந்தக்காரரை விடாமல், புது நாற்காலிக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியைப் பின்னுபவருக்கு நேராகக் கொடுத்தால் போதும். வீட்டில் செய்வது இன்னும் எளிது. பழைய சட்டத்தை விற்கும் வியாபாரியிடம் எவ்வளவு வேண்டுமானாலும் பேரம் பேசுங்கள். பின்னுபவரிடம் கூலியைக் கேளுங்கள், கேட்டதைக் குறைக்காமல் கொடுங்கள், பக்கத்து வீட்டுக்காரரிடமும் அவர் இருக்கும் தெருவைச் சொல்லுங்கள்.