லோயர் பாஸ் தெரியும்... 'கம்ப்யூட்டர் தெரியும்' என்றால் என்ன?

காலை நேரத்தில் ஓசூர் பேருந்து நிலையத்திலிருந்து அத்திப்பள்ளி, எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் போகும் பஸ்களில் நிற்கக்கூட இடம் கிடைப்பது கஷ்டம். இன்டர்வியூவுக்குப் போகிற பிள்ளைகள் வைத்திருக்கும் ஃபைலைப் பிரித்தால், ஒரு வரி கட்டாயம் இருக்கும்: 'எம்.எஸ். ஆபீஸ் தெரியும்'. எவ்வளவு தெரியும்? எழுதியவருக்கே பதில் தெரியாது. அதைப் படிக்கிற ஹெச்.ஆர். என்ன செய்வார், பாவம்!

அம்மா, சித்தி தலைமுறைக்கு இந்தக் குழப்பம் இல்லை. டைப்ரைட்டிங்கில் ஆங்கிலம் 'லோயர்' என்றால் நிமிடத்துக்கு 30 வார்த்தைகள். 'ஹையர்' என்றால் 45. தேன்கனிக்கோட்டையில் பழகினாலும் சென்னையில் பழகினாலும் ஒரே தேர்வு. அதை நடத்துவது அரசின் தொழில்நுட்பக் கல்வித் துறை. சொல்லிக்கொடுத்தவரே பாஸ் போட முடியாது. அந்தச் சான்றிதழுக்கு மரியாதை வந்ததே அதனால்தான்.

ஐ.டி. வேலைகளுக்கும் இப்படி ஓர் அளவுகோல் இருக்கிறது. 2013 டிசம்பரில் மத்திய அரசு தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பை அறிவித்தது. முதலில் 10 நிலைகள். 2023-ல் அது 8 ஆனது. ஐ.டி. துறையில் எந்த வேலைக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதித் தருவது நாஸ்காமின் திறன் கவுன்சில். டேட்டா என்ட்ரி வேலைதானே, டைப் அடித்தால் போதும் என்று நினைப்போம். ரகசியத் தகவலைச் சரியாகக் கையாள்வது, தேவைப்பட்டால் உரியவரிடம் வழிகாட்டல் கேட்பது போன்றவையும் அதில் உண்டு. முதல் வேலையில் பிள்ளைகள் திணறுவது பெரும்பாலும் இங்கேதான்.

எல்லையோர ஊர்களுக்கு இது இன்னும் முக்கியம். சூளகிரியில் ஒரு தெருமுனை சென்டரில் ஆறு மாதம் பணம் கட்டிப் படித்த பெண்ணை நினைத்துப் பாருங்கள். ஜூஜூவாடி செக்போஸ்ட்டைத் தாண்டினால் அந்த சென்டரின் பெயர் யாருக்குத் தெரியும்? அதே பெண் ஐ.டி.ஐ.யில் 'கோபா' எனப்படும் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் பிரிவை எடுத்திருந்தால்? பத்தாம் வகுப்பு போதும், ஓராண்டுப் படிப்பு. அகில இந்தியத் தேர்வு எழுதி வாங்கும் தேசியத் தொழிற்சான்றிதழுக்குக் கர்நாடகத்திலும் அதே மதிப்பு.

கடையில் பில் போட்டே கம்ப்யூட்டர் கற்றவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. பிரதமரின் கௌஷல் விகாஸ் திட்டத்தில் 'முன்கற்றல் அங்கீகாரம்' என்று ஒரு பிரிவு உண்டு. முழு கோர்ஸும் படிக்காமல், ஏற்கெனவே தெரிந்ததைச் சோதித்துச் சான்றிதழ் தருவார்கள்.

சான்றிதழ் வந்த கையோடு வேலை வந்துவிடாது. கம்பெனிகள் தனியாக டெஸ்ட் வைக்கத்தான் செய்யும். சோதிப்பவர் கண்ணை மூடிக்கொண்டு பாஸ் போட்டால், நிலை எண் எதுவானாலும் அது வெறும் காகிதம்.

அதனால் கோர்ஸில் சேர்க்கப் போகும் பெற்றோர், ஃபீஸைப் பற்றிக் கேட்பதற்கு முன் மூன்று விஷயங்களைக் கேட்கலாம். இது எந்த வேலைக்கான தகுதி? எந்த நிலை? தேர்வு வைப்பது நீங்களா, வெளியாளா? பதில் சொல்லத் தடுமாறினால், அட்வான்ஸ் கட்டாமல் படியிறங்கிவிடுங்கள்.