எங்கள் படக்கடை

ஓர் ஓவியத்தை வரைந்தவரைப் பற்றி நூல்கள் எழுதப்படுகின்றன. அதனை வாங்கிய செல்வரின் பெயரும் எங்கேனும் பதிவாகிவிடுகின்றது. அப்படத்துக்குச் சட்டம் அறுத்துப் பொருத்தியவரைப் பற்றி எழுதுவார் இலர். யாழ்ப்பாண நகரிற் பெரிய கடைக்கு அண்மையில் மூன்று தலைமுறைகளாகப் படங்களுக்குச் சட்டமிட்டு வாழ்ந்த குடும்பமொன்றிற் பிறந்தவன் நான். அத்தொழில் பற்றி அறிந்தவற்றை இங்கு எழுதிவைக்க விரும்புகிறேன்.

எனது பேரனார் தச்சர். இரண்டாம் உலகப் போருக்குச் சற்று முன்னர் கதவு நிலைகளையும் பெட்டகங்களையும் விட்டுப் படச் சட்டங்களுக்கு மாறினார். கலையார்வத்தினால் அன்று; சந்தை அவ்வாறு மாறியிருந்தது. ரவிவர்மா 1894 ஆம் ஆண்டு பம்பாயில் அச்சகம் நிறுவியதன் பின்னர், இலக்குமியும் சரசுவதியும் வண்ணத் தாள்களாகச் சாதாரண மக்களின் வீடுகளுக்குள்ளும் புகுந்தனர். தாளோ எங்கள் காலநிலையில் நிலைக்காது. விளக்குப் புகை, மாரிக்கால ஈரம், கறையான் ஆகியவற்றுக்கிடையே ஒரு தாட்படம் பத்தாண்டு வாழவேண்டுமாயின் முன்னே கண்ணாடியும் பின்னே பலகையும் வேண்டும். அச்சு யந்திரம் தெய்வத்தை மலிவாக்கிற்று. அதனால் தச்சனுக்குப் புதிய வேலை பிறந்தது.

இஃது எங்கள் ஊருக்கு மாத்திரம் உரிய கதையன்று. இந்தியத் தெய்வப் படங்களின் அடியிற் காணப்படும் பிரிஜ்பாசி என்ற பெயருக்குரிய சகோதரர்கள் 1920களிற் கராச்சியிற் படச் சட்டக் கடை வைத்திருந்தவர்களே. பின்னர் தாமே ஓவியரைக் கொண்டு வரைவித்து, ஜெர்மனியில் அச்சிடுவித்து விற்கலாயினர். 1947 ஆம் ஆண்டுப் பிரிவினையோடு இந்தியாவுக்குப் பெயர்ந்தனர். பேரனார் அவ்வளவு தூரம் செல்லவில்லை. கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜூவின் (1898–1976) படங்கள் சிவகாசி நாட்காட்டிகளாக வந்த காலத்தில், ஆண்டு முடிந்ததும் திகதித் தாளைக் கிழித்தெறிந்துவிட்டுப் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு எங்கள் கடை வாசலுக்கு வருவோர் பலர். தை மாதம் எங்களுக்கு அறுவடைக் காலம்.

தொழிலின் நுட்பம் மூலையில் இருக்கின்றது. ஒரு சட்டத்துக்கு நான்கு மூலைகள், எட்டு வெட்டுக்கள். ஒவ்வொரு வெட்டும் 45 பாகையாக அமைதல் வேண்டும். வெட்டுக்கு ஒரு பாகை பிசகினும் எட்டுப் பிசகும் ஒன்றுசேர்ந்து இறுதி மூலையில் வாய் பிளந்து நிற்கும். மெழுகும் மரத்தூளும் வைத்து அதனை மறைப்போரும் உளர். பேரனார் அத்தகைய சட்டத்தை அடுப்புக்கு அனுப்பிவிடுவார். புகைப்படம் ஒருபோதும் கண்ணாடியிற் படக்கூடாது என்பது அவர் வகுத்த மற்றொரு விதி. ஈரக் காலத்திற் படத்தின் மேற்பூச்சு இளகிக் கண்ணாடியோடு ஒட்டிவிடும். ஆதலால் இரண்டுக்கும் இடையே மட்டையினால் ஓரம் இடவேண்டும்.

கடையின் கணக்குக் கொப்பிகளை ஒரு சமூக வரலாறாகவே வாசிக்கலாம். முதற் பக்கங்களில் மலாயாவிலிருந்து ஓய்வூதியத்தோடு திரும்பியவர்கள், விதானைமார், அப்புக்காத்துமார். கோட்டும் தலைப்பாகையுமாக அவர்கள் தம்மையே சட்டமிட்டுக்கொண்டனர். கூலித் தொழிலாளரின் பெயர்கள் 1960களுக்குப் பின்னரே தென்படுகின்றன. அவையும் பெரும்பாலும் இறந்தவரின் படத்துக்காகவே.

சித்தப்பா கொழும்பில் எழுதுவினைஞராக இருந்தவர். 1943 ஆம் ஆண்டு அங்கு உருவான '43 குழுவினரின் ஓவியங்களைக் கண்டு மயங்கியவர். ஜோர்ஜ் கீற்றின் பெயரை உச்சரிக்கும்போது அவருடைய குரலே மாறிவிடும். 1958 ஆம் ஆண்டு இனக்கலவரத்தின் பின் ஊர் திரும்பியவர், கடையின் முன்னறைக்கு வெள்ளையடித்து அதனை ஓவியக்கூடம் ஆக்கினார். தெய்வப் படங்கள் பின்னறைக்குச் சென்றன. முன்னறையில் ஊர் இளைஞர் வரைந்த நீர்வண்ண ஓவியங்கள் தொங்கின. பார்க்க வந்தோர் பலர். வாங்கியோரை விரல்விட்டு எண்ணலாம்.

"தம்பி, முன்னறை பாக்கிறதுக்கு, பின்னறை சாப்பிடுறதுக்கு" என்று பேரனார் சொல்வாராம். எனினும் அறையை மூடும்படி அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

இதனைக் கொண்டு யாழ்ப்பாணத்தாருக்குக் கலை இரசனை இல்லையென்று முடிவுகட்டுவோர் உளர். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஓர் ஆசிரியரின் சம்பளத்தில் ஓவியம் வாங்க இடமிருக்கவில்லை. அதே ஆசிரியர் தம் தாயாரின் படத்துக்குத் தேக்கிற் சட்டம் கேட்டார், விலை பேசவில்லை. எங்கள் மக்கள் உருவத்தை மதித்தனர், அது தம்மவரின் உருவமாயின்.

ஐயாவின் காலத்திற் போர் வந்தது. 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது கொழும்பிலிருந்து கண்ணாடி வருவது நின்றது. குண்டு வீச்சில் இடிந்த வீடுகளின் யன்னற் கண்ணாடிகளை வாங்கி, உடையாத பகுதியை வெட்டிப் படங்களுக்கு இட்டார். பின்பலகைக்குத் தேயிலைப் பெட்டிகள். வேலைக்கோ குறைவில்லை. அடையாள அட்டையில் இருந்த சிறு முகத்தைப் பெருப்பித்துக்கொண்டு பெற்றோர் வந்தவண்ணம் இருந்தனர். நீர்வண்ண ஓவியங்கள் தொங்கிய முன்னறை, இருபது வயதினரின் முகங்களால் நிறைந்தது. அவ்வறையைக் கடந்து உள்ளே செல்லச் சித்தப்பா விரும்புவதில்லை, பின்வாசலால் வருவார்.

1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. ஐயா எடுத்துச் சென்றவை கண்ணாடி வெட்டும் வைரமும் கணக்குக் கொப்பிகளுமே. மறு ஆண்டு திரும்பியபோது கூரையிற் பாதி இல்லை. ஓவியங்களில் ஒன்றேனும் மிஞ்சவில்லை. ஒரு மூலையிற் குவித்துப் படங்கு போர்த்திவிட்டுச் சென்ற சட்டமிட்ட படங்கள் மாத்திரம் பெரும்பாலும் தப்பியிருந்தன.

அந்நாட்களில் ஒரு தாய் தம் மகனின் படத்தைக் கொண்டுவந்தார். வேறெங்கோ மலிவாகச் சட்டமிட்டது. இரண்டு மாரி நனைந்து முகம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. வேறு பிரதி இல்லை. பிரித்தெடுத்துத் தருமாறு கேட்டார். ஐயா அதனை நெடுநேரம் வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்தார். "பிரிச்சால் முகம் கண்ணாடியோட போயிடும் அம்மா. இப்பிடியே இருக்கட்டும்" என்றார். கண்ணாடியோடு சேர்த்தே புதிய சட்டமிட்டு, மேலே இன்னொரு கண்ணாடியும் வைத்துக் கொடுத்தார். கூலி வாங்கவில்லை.

இன்று கடையைத் தமையனார் நடத்துகிறார். மலிவான பிளாஸ்ரிக் சட்டங்கள் ஆயத்தமாக வந்து குவிகின்றன; எட்டு வெட்டும் வெட்டுவதற்கு மாதம் ஒருவர் வந்தாற் பெரிது. பின்னறை அலுமாரியில், முற்பணம் கொடுத்துவிட்டு எடுக்க வராதவர்களின் படங்கள் நாற்பத்தொன்று இருந்தன. இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் அவற்றை என்ன செய்வது என்று எங்களுக்குள் பலமுறை வாக்குவாதம் நடந்ததுண்டு. போர் முடிந்து ஈராண்டின் பின்னர், கனடாவிலிருந்து வந்த ஒருவர் தம் தந்தையாரின் படம் இங்கு இருக்கக்கூடுமோ என்று விசாரித்தார். கொப்பியைப் புரட்டியபோது பதிவு இருந்தது: மிகுதி 35 ரூபா. அவர் பெருந்தொகையொன்றை நீட்டினார். தமையனார் 35 ரூபாவை மட்டும் எடுத்துக்கொண்டு பதிவின்மேற் கோடிட்டார்.

எஞ்சிய நாற்பதும் அலுமாரியிலேயே உள்ளன. ஆண்டுதோறும் மாரிக்கு முன்னர் அவர் அவற்றை வெளியில் எடுத்து, கறையான் அரித்த பின்பலகைகளை மாற்றி, திரும்பவும் அடுக்கி வைக்கிறார்.