துப்பாக்கிக்கு ஒரு காப்பு

துப்பாக்கி வைத்திருக்கும் மனிதர்களை நான் அதிகம் அறிந்தவன் அல்ல. அறிந்த ஒரே நண்பரும் திருடனுக்குப் பயந்ததில்லை, துருவுக்குத்தான் பயந்தார்.

சிங்கப்பெருமாள் கோவிலில் அவர் வீடு. ஒரகடம் பக்கத்து மோட்டார் தொழிற்சாலை ஒன்றில், வர்ணப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பாட்டனார் லைசென்ஸுடன் வாங்கிய கைத்துப்பாக்கி, தகப்பனாருக்குப் பிறகு முறைப்படி இவர் பெயருக்கு வந்தது. அதைச் சுட்டதாகக் குடும்பத்தில் சரித்திரம் இல்லை. மாலைதோறும் பாட்டனார் சாய்வு நாற்காலியில் அமர்ந்து அதைத் துடைப்பாராம். பிடிக்கு மேலே ஓரிடத்தில் கறுநீலம் தேய்ந்து, கட்டைவிரல் அகலத்துக்கு வெள்ளை இரும்பு தெரிகிறது. அதன் பக்கத்தில், நம்பர் பொறித்த இடத்தில்தான் துரு.

"நல்ல பூச்சாகப் போட்டுவிடலாமா, ஸார்?" என்றார். என் யோசனையை எதிர்பார்த்து அல்ல. தாம் பேசுவதைக் கேட்க ஓர் ஆள் வேண்டியிருந்தது.

அந்தக் கறுநீலம் பூச்சே இல்லையாம். ரசாயனத்தால் இரும்பின் மேல்தோலையே கறுப்பு ஆக்ஸைடாக மாற்றுவது. பார்வைக்கு அழகு, எண்ணெய் காட்டாவிட்டால் காவல் இல்லை. அடுத்தது பாஸ்பேட். கார்த் தகடு வர்ணம் பூசுவதற்கு முன் குளிக்கும் அதே பாஸ்பேட்டைத்தான் இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்க ராணுவம் துப்பாக்கிகளுக்குப் போட்டது. இப்போது வந்திருப்பது பீங்கான் கலந்த பூச்சு. பெயிண்டைப் போலத் தெளித்து, அடுப்பில் சுமார் 120 டிகிரி சூட்டில் இரண்டு மணி நேரம் வேக வைப்பார்கள். தடிப்பு தலைமயிர் அளவுகூட இராது. வியர்வைக்கும் உப்புக்கும் அசையாது.

வண்டிக்கும் துப்பாக்கிக்கும் உறவு பழையது. 2013 முதல் ஒரகடத்தில் தயாராகும் ராயல் என்ஃபீல்டின் பெயரே, இங்கிலாந்தில் என்ஃபீல்ட் அரசாங்க ஆயுதசாலைக்கு உறுப்புகள் செய்து கொடுத்ததால் வந்தது. 'துப்பாக்கியைப் போல் செய்யப்பட்டது' என்று பெருமையாக விளம்பரமும் செய்தார்கள்.

"அப்படியானால் போட்டுவிட வேண்டியதுதானே?" என்றேன்.

"பூச்சு பிடிக்க வேண்டுமானால் முதலில் மணலைப் பீய்ச்சிப் பழைய தோலை உரிக்க வேண்டும். தாத்தாவின் விரல் போய்விடுமே!"

முப்பது வருஷம் தகட்டை உரித்து வர்ணம் பூசியவர் இப்படிச் சொன்னது எனக்கு வேடிக்கையாக இருந்தது. துரு தின்றாலும் அந்த விரல் போகத்தானே போகிறது என்று வாதாடினேன். அவரிடம் பதில் இல்லை.

பதில் லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடைக்காரரிடமிருந்து வந்தது. துரு அரித்து நம்பர் ஏற்கெனவே ஆழம் குறைந்துவிட்டது. மணல் பட்டால் மங்கிவிடலாம். 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி அந்த நம்பரை அழிப்பது குற்றம். ஆகவே எண்ணெய் தொட்டு, துருவை மட்டும் மெல்லத் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"ஸ்ரீரங்கத்தில் பெரிய பெருமாளுக்கே தைலக்காப்புதான். இதற்கு என்ன குறைச்சல்?" என்றார் நண்பர், முகமெல்லாம் மலர.

"மாசாமாசம் எண்ணெய் போட்டுத் துடைக்க இங்கே யாருக்குப் பொழுதிருக்கு?" என்று உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது.

"எனக்குத்தான்" என்று சொல்லிவிட்டு, நண்பர் சாய்வு நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டார்.