கழுத்தின் நிறம்

எங்கள் வேலைத்தலத்தில் ஒரேயொரு கண்ணாடிதான் உண்டு. ஊழியர்களின் கழிப்பறையில், கைகளைக் கழுவச் சொல்லும் அறிவித்தலுக்குப் பக்கத்தில், ஒரு மூலை உடைந்தபடி தொங்குகிறது. அதில் முகம் பார்க்க ஒரு நாளில் இரண்டு நிமிடம் கிடைத்தால் அதிகம். எண்ணெய் ஆவி, அடுப்பு வெக்கை, தலைவலை இறுக்கி நெற்றியில் போட்ட கோடு எல்லாம் சேர்ந்து அதில் தெரிவது யாரோ ஒரு வயதுபோன மனுசி.

நாங்கள் மூன்று பேர். முப்பத்தொன்றுக்கும் முப்பத்தொன்பதுக்கும் இடைப்பட்டவர்கள். ரெக்ஸ்டேலில், கிப்ளிங் வீதியும் அல்பியன் வீதியும் சந்திக்கிற இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, ஒரு வீட்டின் நிலக்கீழ் அறைகளில் குடியிருக்கிறோம். பியர்சன் விமான நிலையத்தில் இறங்குகிற விமானங்கள் கூரைக்கு மேலால்தான் போகும். தமிழர் என்றால் ஸ்காபுரோ என்று நினைப்பவர்கள், "அங்கை போய் என்ன செய்யிறியள்?" என்று கேட்பார்கள். வேலை பக்கத்தில் என்று சொல்லுவோம். எங்களில் ஒருத்தி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடத்தோடு நின்றவள். ஒருத்தி 2009 மே மாதம் வன்னியிலிருந்து வெளியே வந்தவள். மூத்த அக்கா கலியாணம் பேசி வந்து, பிறகு அந்தக் கலியாணத்திலிருந்தும் வெளியே வந்தவர்.

இந்தக் கட்டுரை முகப்பூச்சைப் பற்றியது. சிரிக்க விரும்புகிறவர்கள் இப்போதே சிரித்துவிடலாம்.

எங்கள் குசினி ஒரு கலியாண மண்டபத்தோடு சேர்ந்தது. இரண்டு வருடங்களுக்கு முந்திய ஒரு சனிக்கிழமை, மணப்பெண்ணை அலங்கரிக்க வந்த பெண் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து ஐஸ் கேட்டார். மணப்பெண் இரவெல்லாம் அழுதிருக்கிறாள், கண் வீங்கியிருக்கிறது, துணியில் சுற்றி ஒத்தடம் கொடுக்கவேண்டும் என்றார். சின்ன வயதிலேயே கனடாவுக்கு வந்தவர், ஆனால் தமிழ் நன்றாகக் கதைத்தார். இடுப்பில் தோல்பட்டி, அதில் இருபது முப்பது தூரிகைகள். எங்கள் சமையல்காரர் கத்தி வைத்திருக்கிற மாதிரி ஒவ்வொன்றுக்கும் ஒரு இடம். ஐஸை வாங்கிக்கொண்டு திரும்பினவர் மூத்த அக்காவின் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டார்.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. உங்கட முகம் ஒரு ஊரிலையும் கழுத்து இன்னொரு ஊரிலையும் கிடக்கு."

நாங்கள் சிரிக்கவில்லை. அக்காவின் முகம் ஏன் அப்படி இருந்தது என்று எங்களுக்குத் தெரியும்.

ஊரில் எங்கள் வீடுகளில் தோலுக்கென்று இருந்தவை கொஞ்சம்தான். வெள்ளிக்கிழமை நல்லெண்ணெய், தலைக்குச் சீயாக்காய், உடம்புக்குப் பயத்தம்மா, கொஞ்சம் மஞ்சள். சவர்க்காரம் கிடைக்காத தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பனங்களியால் உடுப்புத் தோய்த்த கதையை அம்மாமார் இப்போதும் சொல்லுவார்கள். பாதை திறந்து சாமான்கள் வரத்தொடங்கிய பிறகு சவர்க்காரத்தோடு சேர்ந்து வெள்ளையாக்கும் கிறீமும் வந்தது. 1975இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த 'ஃபெயார் அன்ட் லவ்லி' எங்கள் ஒழுங்கைக் கடை வரைக்கும் வந்து சேர்ந்தது. 2020இல், கறுப்பின மக்களுக்காக உலகமெங்கும் ஊர்வலங்கள் நடந்த நேரத்தில், அந்தக் கொம்பனி பெயரிலிருந்து 'ஃபெயாரை' எடுத்துவிட்டு 'குளோ' என்று போட்டது. கிறீம் விற்பனையில்தான் இருந்தது.

அக்காவுக்குக் கலியாணம் பேசினபோது கனடாவுக்கு அனுப்பின படத்தை ஸ்ரூடியோக்காரரே வெளிற வைத்துக் கொடுத்திருந்தார். அப்படிச் செய்வதற்குத் தனிக்காசு வாங்கவில்லை, அது வழக்கம். விமான நிலையத்தில் வந்து நின்ற மனிதர் முதலில் சொன்ன வசனம், "படத்திலை வேற மாதிரி இருந்தீர்" என்பது. அந்த வசனத்துக்குப் பிறகு அக்கா பதினொரு வருடம் முகத்துக்கு மாவைத்தான் பூசினார் என்று சொல்லவேண்டும். அந்த மனிதரை விட்டு வந்த பிறகும் பூசினார். அதற்கும் மேலாக, ஒரு கடையில் பெயர்ச்சீட்டு இல்லாத சிறிய டப்பா ஒன்றை வாங்கினார். நான்கு கிழமையில் முகம் பளபளத்தது. நாங்களும் வாயைப் பிளந்தோம், உண்மையைச் சொன்னால் பொறாமைப்பட்டோம். மூன்றாம் மாதம் கன்னம் சிவந்து, எரிந்து, அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கமுடியாமல் போனது. பூசுவதை நிறுத்தினால் இன்னும் மோசமாக எரிந்தது.

குடும்ப வைத்தியர் டப்பாவையும் கொண்டுவரச் சொன்னார். ஸ்ரீரொயிட் கலந்த பூச்சு தோலை மெலிதாக்கி, பிறகு தான் இல்லாமல் இருக்கமுடியாத நிலைக்குக் கொண்டுவந்துவிடும் என்று விளங்கப்படுத்தினார். பாதரசமும் இருக்கக்கூடும் என்று சிறுநீர்ப் பரிசோதனைக்கு அனுப்பினார். நல்லகாலம், அது இல்லை. இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறோம், ஏனென்றால் இந்தப் பத்திரிகையை வாசிக்கிற வீடுகளிலும் அப்படியான டப்பா இருக்கலாம். பாதரசம் தோலில் கறுப்பு உருவாவதைத் தடுக்கும், அதனால்தான் வெளுக்கிறது. ஆனால் அது உடம்புக்குள்ளும் போய் சிறுநீரகத்தையும் நரம்புகளையும் கெடுக்கும். பூசுகிறவரோடு நிற்காது. துவாய், தலையணை, தூக்கிவைத்திருக்கிற பிள்ளை எல்லாவற்றுக்கும் போகும். கனடாவில் முகப்பூச்சில் பாதரசம் சேர்ப்பதற்குத் தடை. மீனில் சேர்ந்த பாதரசத்தால் ஜப்பானில் ஒரு ஊரே நஞ்சானது. அந்த மினமாட்டாவின் பெயரில் 2013இல் எழுதப்பட்ட சர்வதேச உடன்படிக்கை 2017இல் நடைமுறைக்கு வந்தது. அதில் முகப்பூச்சுக்கு முதலில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்று எல்லை வைத்தார்கள். 2023இல் அந்த எல்லையையும் எடுத்து, பாதரசம் சேர்த்த எதுவும் 2025க்குப் பிறகு கூடாது என்று தீர்மானித்தார்கள். தீர்மானம் ஜெனீவாவில் இருக்கிறது, டப்பா கடையில் இருக்கிறது.

அக்காவின் முகம் ஆற ஏழு மாதம் சென்றது. ஐஸ் கேட்டு வந்த பெண் அவரைப் பார்த்தது அந்த ஏழு மாதத்துக்குப் பிறகு, பழைய பவுடருக்குத் திரும்பியிருந்த நேரம்.

அன்று கலியாணம் முடிந்து, பாத்திரங்கள் எல்லாம் கழுவி அடுக்கின பிறகு, அந்தப் பெண் திரும்பி வந்தார். சாப்பாடு கொடுத்தோம். சாப்பிட்டுவிட்டு, கையைக் கழுவி, பெட்டியைத் திறந்தார். குசினி வெளிச்சம் சரியில்லை என்று எங்களைப் பின்கதவுக்கு வெளியே, குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில், பின்னேர வெளிச்சத்தில் நிறுத்தினார். மூன்று நிறங்களைத் தாடையின் ஓரத்தில் கோடு கோடாக இழுத்தார். எந்தக் கோடு கண்ணுக்குத் தெரியாமல் மறைகிறதோ அதுதான் உங்கள் நிறம். முகத்தில் தேடக்கூடாது, முகம் வெயிலாலும் கிறீமாலும் குழம்பிப்போயிருக்கும். கழுத்து பொய் சொல்லாது. இது அவருடைய முதல் பாடம்.

அவர் தொழில் பழகினது மக் கொம்பனியின் விற்பனை மேசையில். மக் இந்த ரொறொன்ரோவில் பிறந்தது என்று எங்களுக்குத் தெரியாது. அமெரிக்காவோ பிரான்சோ என்று நினைத்திருந்தோம். ஃபிராங்க் டொஸ்கன் என்ற மேக்கப் கலைஞரும் ஃபிராங்க் அஞ்சலோ என்ற சலூன் முதலாளியும், படம்பிடிக்கிற விளக்குகளுக்குத் தாக்குப்பிடிக்கிற பூச்சு கடையில் கிடைக்கவில்லை என்று, வீட்டுக் குசினியில் தாங்களே காய்ச்சிப் பார்த்தார்கள். 1984இல் சிம்சன்ஸ் கடையில் மேசை போட்டார்கள். எல்லா வயதுக்கும், எல்லா இனத்துக்கும், எல்லாப் பாலினத்துக்கும் என்பது அவர்களுடைய பேச்சு. 1994இல் எய்ட்ஸ் நோயாளிகளுக்காக ஒரு லிப்ஸ்ரிக் செய்து அதன் காசை அவர்களுக்கே கொடுத்தார்கள். அஞ்சலோ 1997இல் இறந்துபோனார். அதற்கடுத்த வருடம் கொம்பனி முழுவதும் அமெரிக்காவின் எஸ்தே லோடரின் கைக்குப் போனது. குசினியில் தொடங்கின சாமான் என்றதும் எங்களுக்கு அதில் ஒரு உரிமை வந்துவிட்டது. அடுப்பில் ஒன்றைக் கலந்து பார்த்து, ருசி பிசகினால் திரும்பக் கலக்கிறவர்கள்தானே நாங்களும்.

அவர்களுடைய நிறங்களுக்கு எழுத்தும் இலக்கமும் உண்டு. எங்களில் இரண்டு பேருக்கு என்சி 45. எழுத்துகளின் விளக்கம் தலைகீழ்: 'சி' என்றால் குளிர்ந்த சாயல், ஆனால் பொன்மஞ்சள் சாயல் உள்ள தோலுக்குத்தான் அதைக் கொடுப்பார்கள். மூன்றாமவள் இன்னும் கறுப்பு. எங்கள் நிறத்துக்கு ஒரு இலக்கம் இருக்கிறது என்பது சின்ன விசயம்தான். ஆனால் 'மாநிறம்', 'பொதுநிறம்', 'கறுப்பெண்டாலும் களையானவள்' என்று தரகர்மார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, நாற்பத்தைந்து என்ற சொல்லில் எந்த இரக்கமும் இல்லாதது ஆறுதலாக இருந்தது.

அந்தப் பெண் ஒரு செய்தியும் சொன்னார். இந்தியச் சினிமாவில் மும்பைச் சங்கம் முன்பு பெண்களுக்கு மேக்கப் கலைஞர் என்று அட்டை கொடுக்கவில்லை, தலைமயிர் அலங்காரத்துக்கு மட்டும்தான் கொடுத்தது. சாரு குரானா என்ற கலைஞரும் வேறு சிலரும் வழக்குப் போட்டு, 2014 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த விதி செல்லாது என்றது. எங்கள் அம்மாமார் ஆசைப்பட்ட முகங்களைப் பெரும்பாலும் ஆண்கள்தான் தீட்டினார்கள் என்பதை அன்றுதான் யோசித்தோம்.

அவர் சொன்னதில் எங்களுக்குக் கட்டுப்படியாகிறதை எடுத்து ஒரு வழக்கம் ஆக்கிக்கொண்டோம். விலைகூடிய சாமான் ஒன்றே ஒன்று, அந்த என்சி 45. அதுவும் கிட்டத்தட்ட மூன்று மணித்தியாலச் சம்பளம். மற்றதெல்லாம் மருந்துக்கடைச் சாமான்.

இரவில்தான் தொடங்குகிறது. பதினொன்றரைக்கு வீட்டுக்கு வந்தால் குசினி எண்ணெய் முகத்தில் படலமாக இருக்கும், தண்ணீரில் போகாது. எண்ணெயை எண்ணெயால்தான் எடுக்கவேண்டும் என்று அவர் சொன்னபோது அம்மாவின் வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது. முதலில் கழுவும் எண்ணெய், பிறகு நுரை குறைந்த கழுவி, இளஞ்சூட்டுத் தண்ணீர். முகம் ஈரமாக இருக்கும்போதே மணமில்லாத கிறீம். குளிர்காலத்தில் அதற்கு மேல் கன்னத்திலும் உதட்டிலும் ஒரு துளி வாசலின். சவர்க்காரம் போட்டு உரஞ்சுவதை விட்டோம். தேசிக்காயையும் விட்டோம். அம்மாமாருக்கு இது பிடிக்காது. ஆனால் தேசிக்காய்ச் சாறு பட்ட தோல் வெயிலில் வெந்து கறுக்கும் என்பதற்கு எங்கள் கையே சாட்சி. ஒரு கோடையில் மண்டபத்துக்கு வெளியே இறைச்சி வாட்டினபோது, தேசிக்காய் பிழிந்த கையோடு வெயிலில் நின்றோம். இரண்டு நாளில் கொப்புளம், பிறகு மாதக்கணக்காகக் கறுப்புத் திட்டு.

காலையில் வெறும் தண்ணீர், கிறீம், வெயில் பூச்சு. வெயில் பூச்சில்தான் கனநாள் அலைந்தோம். முதலில் வாங்கினது முகத்தை நீறு பூசின மாதிரி ஆக்கியது. எங்கள் மாதிரித் தோலைக் கறுக்க வைப்பது கண்ணுக்குத் தெரியாத கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும்தான். அதை மறிக்கிறது இரும்பு ஒட்சைட், நிறம் சேர்த்த பூச்சுகளில் இருக்கிற அதே துருச்சாயம். நிறமுள்ளதை வாங்கினோம், நீறும் போனது. அதற்குமேல் கண்ணுக்குக் கீழே நீலக்கறுப்பை அடக்கச் செம்மஞ்சள். புளி கூடினால் சீனி போடுகிற கணக்கு. பிறகு என்சி 45, முகம் முழுவதும் அல்ல, வேண்டின இடத்தில் விரலால் தட்டி. கண்ணுக்கு மை, உதட்டுக்கு மண்நிற லிப்ஸ்ரிக். நகப்பூச்சும் பொய் இமையும் குசினியில் கூடாது, சோற்றுக்குள் விழும். மொத்தம் பதினொரு நிமிடம். மூன்று பேரும் ஒரே கண்ணாடியில் முறை வைத்து நிற்கிறோம். மை மட்டும் ஆளுக்கொன்று.

வன்னியிலிருந்து வந்தவளைப் பற்றிச் சொல்லவேண்டும். அவளுடைய இடது தாடையில், காதுக்குக் கீழே, ஷெல் துண்டு பட்ட தழும்பு இருக்கிறது. அகதி விண்ணப்பத்துக்கு ஒரு வைத்தியர் அதை அளந்து அறிக்கை எழுதினார். விசாரணைக்கு முகத்தில் ஒன்றும் பூசாமல் வரச்சொன்னார் சட்டத்தரணி. பூசுகிற வழக்கமே அவளுக்கு அப்போது இருக்கவில்லை. அன்றைக்குத் தன் முகத்தை வழக்குக் கோப்பு போலக் கொண்டுபோனதாகச் சொல்லுவாள். இடது பக்கம் திரும்பச் சொன்னார்கள், திரும்பினாள். கேஸ் முடிந்து பல வருடங்கள். ஆனாலும் அவளுக்கு அந்த இடத்தைத் தொடப் பயமாகவே இருந்தது. மறைத்தால் தான் சொன்னது பொய்யென்று யாரும் சொல்லிவிடுவார்களோ என்று.

தாடையில் கோடு இழுத்த அன்று அந்தப் பெண் அவளிடம் கேட்டார்: "இதை மறைக்கிறதோ, விடுறதோ?" அதுவரை யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. "எப்பிடி வந்தது?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். அவள் கனநேரம் யோசித்தாள். "இண்டைக்கு மறையுங்கோ" என்றாள்.

இப்போது சில நாள் மறைக்கிறாள், சில நாள் விடுகிறாள். மே 18 அன்று முகம் கழுவிக் கிறீம் மட்டும் பூசிக்கொண்டு விளக்கேற்றப் போவாள். அவள் அதற்குக் காரணம் சொல்வதில்லை, நாங்களும் கேட்பதில்லை. போன வருடம் அங்கே ஒரு பெரியவர் மற்ற இரண்டு பேரின் உதட்டைப் பார்த்து, "செத்ததுகளை நினைக்கிற நாளிலையும் பூச்சோ?" என்று எல்லோருக்கும் கேட்கக்கூடியதாகச் சொன்னார். அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. பதில் சொன்னவள் தழும்புக்காரிதான்: "ஐயா, அதுகள் இருந்திருந்தா அதுகளும் பூசியிருக்குங்கள்." அவளுடைய தங்கைக்குப் பதினாறு வயது. பங்கருக்குள்ளும் ஒரு சாந்துப்பொட்டுப் போத்தலைக் கவனமாக வைத்திருந்தாளாம். பெரியவர் பேசாமல் நின்றார். பிறகு வந்து எங்களோடு தேத்தண்ணி குடித்தார்.

அக்கா பவுடர் டப்பாவை இன்னும் எறியவில்லை. மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. எறிந்தால்தான் திருந்தினதாக அர்த்தமோ என்று எங்களைக் கேட்கிறார். விமான நிலையத்தில் கேட்ட வசனம் சில காலைகளில் இன்னும் வருகிறதாம், அப்போது கை லாச்சிக்குப் போகும். போன கிழமையும் போனது. பூசிக்கொண்டு வந்தார், பஸ்சில் கழுத்தைப் பார்த்தோம், ஒன்றும் சொல்லவில்லை. வேலைத்தலத்துக் கண்ணாடியில் கழுவிவிட்டு வந்தார்.

இந்தச் சனிக்கிழமை மண்டபத்தில் இரண்டு கலியாணம், காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. அந்தப் பெண் இரண்டுக்கும் வருகிறார். ஒரு பை ஐஸ் தனியாக எடுத்து, ஒருவரும் தொடக்கூடாது என்று எழுதி, குளிர்பெட்டியின் அடித்தட்டில் வைத்திருக்கிறோம்.