டிகாஷன் நிறத்தில் ஓர் ஆறு!

பிரேசிலின் மனாவுஸ் நகரத்துக்குப் போகிறவர்கள், படகில் ஏறியதும் எட்டிப் பார்ப்பது தண்ணீரைத்தான். ரியோ நீக்ரோ என்றால் கறுப்பு ஆறு. கையில் அள்ளினால் பால் சேர்க்காத டீயின் நிறம். சாக்கடை என்று நினைத்துவிட வேண்டாம்! காட்டில் உதிர்ந்த இலைகள் மட்கி, மழையோடு மணல் வழியே ஊறிவரும் சாறு அது. தண்ணீரில் அமிலத்தன்மை இருப்பதால் கொசுவும் குறைவு.

நகரைத் தாண்டியதும், வண்டல் கலந்த சோலிமோயிஸ் ஆறு பால் விட்ட டீயாக வந்து சேர்கிறது. சேர்ந்தும் கலக்காமல் சுமார் 6 கிலோமீட்டர் இரண்டும் ஒட்டியபடி ஓடும் காட்சிக்குத்தான் அவ்வளவு கூட்டம்.

ஆராய்ச்சியாளர்களோ பாட்டிலோடு வருகிறார்கள். தண்ணீரை வடிகட்டி, அதன் வழியே புற ஊதாக் கதிரைச் செலுத்துகிறார்கள். எவ்வளவு ஒளி விழுங்கப்படுகிறதோ, அவ்வளவு இலைச்சாறு. இன்னும் துல்லியமாகத் தெரிய, மாதிரியைக் கடும் சூட்டில் எரித்து, வெளிவரும் கார்பன் டை ஆக்சைடை அளக்கிறார்கள். லிட்டருக்கு ஏறக்குறைய 10 மில்லிகிராம் கார்பன். அற்பமாகத் தெரிகிறதா? சராசரியாக நொடிக்கு இரண்டரைக் கோடி லிட்டருக்கு மேல் ஓடும் ஆறு இது. நொடிக்குக் கால் டன் கார்பன் கடலை நோக்கிப் போகிறது! காட்டுக்கு எடுக்கும் ரத்தப் பரிசோதனை என்றே இதைச் சொல்லலாம்.

மழை பொய்த்தால் இந்தச் சாறு ஆற்றுக்கு வந்து சேராது. 2023 அக்டோபரில் மனாவுஸில் நீர்மட்டம், 1902 முதல் அளந்துவருவதிலேயே மிகக் கீழே போனது. கரையோரப் பாறைகளில் பழங்குடிகள் எப்போதோ செதுக்கிய மனித முகங்கள் வெளியே தெரிந்தன. 2024-ல் தண்ணீர் அதற்கும் கீழே இறங்கியது.