நெய்யாற்றின்கரையில் ஒரு ஜப்பானியக் கஞ்சி

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் பாசஞ்சர் வண்டியில் ஏறி அமர்ந்தால், நேமம், பாலராமபுரம், நெய்யாற்றின்கரை என்று ஒவ்வொன்றாக நிலையங்கள் வரும். பின்னர் ஆற்றைக் கடந்து அமரவிளை, தனுவச்சபுரம், பாறசாலை. அடுத்தது குழித்துறை மேற்கு; அது தமிழ்நாடு. இந்த இருப்புப்பாதை 1979ஆம் ஆண்டில்தான் திறக்கப்பெற்றது. அதற்கு 23 ஆண்டுகளுக்கு முன்பே, 1956 நவம்பர் முதல் தேதியன்று, எல்லைக்கோடு வரையப்பட்டுவிட்டது. தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தோடு நின்றது. ஆயினும் கோடு கிழித்தவர்கள் நாவைக் கிழிக்கவில்லை. என் பயணச்சீட்டுச் சன்னலின் முன் வந்து நிற்பவர், "நாகர்கோவிலுக்கு ரெண்டு டிக்கெட்" என்று தமிழில் தொடங்கி, சில்லறை விஷயத்தில் மலையாளத்தில் தர்க்கித்து, மீண்டும் தமிழில் விடைபெற்றுப் போவது இங்கே நித்திய வழக்கம்.

அடியேன் வள்ளியூர்ப் பக்கத்தவன். பத்தாம் வகுப்புத் தேறி, இரயில்வே எழுத்தராகி, பல ஊர் மாற்றங்களுக்குப் பின் இப்போது பாறசாலையில் வாடகை வீட்டில் குடியிருக்கிறேன். உடன் இருப்போர் மனைவி, இரண்டு பெண் மக்கள், என் தாயார். தம்பி மட்டும் ஜப்பானில், ஒசாகா நகரில், முதியோர் இல்லம் ஒன்றில் பணிபுரிகிறான். 2019 ஏப்ரலில் ஜப்பான் அரசு கொணர்ந்த புதிய அனுமதி முறையின்கீழ், மொழித் தேர்வும் தொழில் தேர்வும் எழுதிச் சென்றவன் அவன். நம் சங்க ஏட்டைப் படிக்கும் குடும்பங்களில் பலவற்றிலும் இத்தகைய பிள்ளை ஒருவன் எங்கேனும் ஒரு தேசத்தில் இருப்பான். ஆகையால் நான் சொல்லப்போவது உங்களுக்குப் புதிதாய் இராது.

சென்ற ஆடி மாதம் தம்பிக்குக் காய்ச்சல் கண்டது. தொலைபேசித் திரையில் அவன் முகம் மெலிந்து தெரிந்தது. "என்ன சாப்பிட்டாய்?" என்று நான் கேட்டதற்கு, "கடையில் பையில் அடைத்த கஞ்சி விற்கிறார்கள், அதைச் சுடவைத்துக் குடித்தேன்" என்றான். அம்மாவின் காதில் "பை" என்ற சொல் மட்டுமே விழுந்தது போலும். ஏற்கெனவே, அத்தேசத்தார் மீனைப் பச்சையாகத் தின்பவர்கள் என்று யாரோ அவளுக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். அன்று இரவு அவள் உண்ணவில்லை. மறுநாளும் காப்பியோடு சரி. "எய்யா, பிள்ளை அங்கே பையைக் குடிக்கான், எனக்கு இங்கே சோறு இறங்குமா?" என்றாள். அவளுக்குச் சர்க்கரை நோய் உண்டு. மாத்திரை விழுங்கிவிட்டுப் பட்டினி கிடப்பது ஆபத்து. மருத்துவர் கண்டித்தார், என் மனைவி கெஞ்சினாள், நான் கோபித்தேன். ஒன்றும் பயனில்லை. மூன்றாம் நாள் காலை அடுக்களையில் தலை சுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அண்டை வீட்டில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். மலையாளி, தமிழும் நன்கு அறிந்தவர். அவரிடம் இதைச் சொல்லி வருந்தினேன். அவர் சிரித்து, "சாரே, ஜப்பான்காரனுக்கே சோறு பிசைந்து உண்ணக் கற்றுக்கொடுத்தவன் இந்த நெய்யாற்றின்கரைக்காரன் அல்லவா? அம்மையிடம் அதைச் சொல்லுங்கள்" என்றார். அப்போதுதான் ஏ. எம். நாயரைப் பற்றி விரிவாக அறிந்தேன்.

ஐயப்பன் பிள்ளை மாதவன் நாயர் 1905ஆம் ஆண்டு நெய்யாற்றின்கரையில் பிறந்தவர். 1928ல் பொறியியல் கற்கக் கியோட்டோ சர்வகலாசாலைக்குச் சென்றார். அங்கே ராஷ் பிகாரி போஸின் தொடர்பு வாய்த்தது. பின்னர் அவரோடு இந்திய சுதந்திரச் சங்கத்தில் உழைத்தார். ஊர் திரும்பும் வழி அடைபட்டது. ஜப்பானிய மாதரசி ஒருவரை மணந்து அங்கேயே நிலைத்தார். போர் முடிந்தது, நாடும் விடுதலை பெற்றது. ஆனால் போராளிக்கும் வயிறு உண்டல்லவா? 1949ல் தோக்கியோவின் கின்சா பகுதியில் சிறியதோர் உணவகம் திறந்தார். அது இன்றும் அவர் வழியினரால் நடத்தப்படுகிறது. அங்குப் பேர்போன பண்டம் 'முருகி' உணவு: மஞ்சள் சோறு, எலும்போடு நெடுநேரம் வேகவைத்த கோழி, மசித்த உருளைக்கிழங்கு, வெந்த முட்டைக்கோஸ். பரிமாறுபவர் எலும்பை நீக்கிக்கொடுத்து, எல்லாவற்றையும் நன்றாகக் கலந்து உண்ணுங்கள் என்று சொல்வாராம். ஒவ்வொன்றையும் தனித்தனிக் கிண்ணத்தில் வைத்து உண்ணும் மக்களிடம், பிசைந்து தின் என்று சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும்! நாயர் 1990ல் காலமானார்.

ஓய்வு நாள் ஒன்றில் நெய்யாற்றின்கரைக்குச் சென்று சற்றுச் சுற்றி வந்தேன். கிருஷ்ணசுவாமி கோயிலில் அம்மச்சிப் பிலாவின் அடிமரத்தைக் கண்டேன். பகைவர் துரத்த, மார்த்தாண்டவர்மா ஒளிந்திருந்ததாகச் சொல்லப்படும் பலா மரம் அது. அரசன் ஒளிந்த மரத்திற்கு வேலியும் காவலும் உண்டு. உணவகம் வைத்தவனுக்கு இங்கே அப்படி ஏதும் என் கண்ணில் படவில்லை. ஆற்றங்கரையில் சற்று நின்றேன். இந்த நீரைக் குடித்து வளர்ந்த ஒருவர் அங்கே நம் சோற்றைக் கொண்டுபோய்ச் சேர்க்க முடிந்ததென்றால், அவர்கள் சோற்றை என் அடுக்களைக்குக் கொண்டுவர என்னால் இயலாதா என்று தோன்றிற்று. தம்பி உண்பதை அம்மா தன் நாவால் அறிந்துகொள்ளட்டும். பிறகு அவள் பாடு.

அன்று இரவே தம்பியிடம் செய்முறைகளைக் கேட்டுக் குறித்துக்கொண்டேன்.

முதல் இடையூறு அரிசி. இங்கே நாம் உண்பது சிவந்த சம்பா; புழுங்கல். அது முத்து முத்தாய் உதிரும். ஜப்பானியர் அரிசியோ குட்டை மணியாய், ஒன்றோடொன்று ஒட்டுவது. அதனால்தான் குச்சியால் எடுத்து உண்ண முடிகிறது. களியக்காவிளைச் சந்தையில் வாங்கிய பச்சரிசியே எனக்குக் கைகொடுத்தது.

இரண்டாவது இடையூறு பெரியது. அவர்கள் சமையலுக்கெல்லாம் அடிப்படை 'தாஷி' என்னும் ஒரு சாறு. கொம்பு என்ற கடற்பாசியையும், கட்சுஒபுஷி என்ற உலர்மீனையும் கொண்டு அதைச் செய்கிறார்கள். 1908ல் இகேதா கிகுனாயே என்ற பேராசிரியர் அந்தக் கடற்பாசிச் சாற்றை ஆராய்ந்துதான், இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு என்னும் நான்கில் அடங்காத சுவை ஒன்று உண்டெனக் கண்டு 'உமாமி' என்று பெயரிட்டார். நிற்க. பாறசாலையில் கட்சுஒபுஷிக்கு எங்கே போவது? அது என்னவென்று தம்பியிடம் விளக்கம் கேட்டேன். "சூரை மீனை அவித்து, புகையில் காட்டி, கட்டையாய்க் காயவைத்து, இழைப்புளி போன்ற கருவியால் சீவுவார்கள்" என்றான்.

அருகே பாய்விரித்துப் படுத்திருந்த அம்மா எழுந்து உட்கார்ந்தாள். "இது நம்ம மாசில்லா!" என்றாள்.

என் தாத்தா கொழும்பில் ஒரு கடையில் சிப்பந்தியாக இருந்தவர். 1960களில் ஊர் திரும்பியபோது அவர் கொண்டுவந்த பழக்கங்களில் ஒன்று மாசிச் சம்பல். அவள் சிறுமியாக இருக்கையில் அம்மியில் மாசியைத் தட்டிக்கொடுப்பது அவள் வேலையாம். மினிக்காய்த் தீவிலும் மாலத்தீவிலும் இன்றளவும் சூரையை அவித்துப் புகையூட்டி உலர்த்தித்தான் மாசி செய்கிறார்கள். ஜப்பானியர் தங்கள் உயர்ந்த வகையில் அதன்மேல் ஒருவிதப் பூஞ்சையையும் வளரவிட்டு இன்னும் இறுக்குகிறார்கள். மற்றபடி இரண்டும் உடன்பிறந்தவையே. மூன்று நாட்களாகச் சுருண்டு கிடந்தவள், "தூத்துக்குடியிலே கிடைக்கும், உங்க ஆட்கள் யாரும் போறாகளா?" என்று கேட்டாள். நல்லவேளையாக நண்பர் ஒருவர் அப்பக்கம் பணிக்குச் செல்பவர். இரண்டாம் நாள் கால் கிலோ மாசி வந்து சேர்ந்தது. அதுவரை அவள் சிறிது மோரும் இட்லியும் உண்ண இசைந்தாள். அவளை அதற்கு இசைவித்தது மாசி வரும் என்ற எதிர்பார்ப்பேயன்றி என் சொல்லன்று.

சாறு செய்யும் விதம் இது. மாசியைச் சீவ நம்மிடம் கருவி இல்லை. ஆகவே அம்மியில் வைத்துக் குழவியால் தட்டிச் சிறு சிராய்களாக்கினாள் அம்மா. ஒரு லிட்டர் நீருக்கு ஏறக்குறைய 30 கிராம். மெல்லிய சீவலாயின் கொதித்த நீரில் இட்டு இறக்கி இரண்டு நிமிடத்தில் வடித்துவிடலாம். நம்முடையது கட்டியானபடியால் சிறு தீயில் 20 நிமிடம் வைத்தேன். வெள்ளைத் துணியில் வடித்தால் தேன் நிறத்தில் தெளிந்த சாறு கிடைக்கும். புலால் உண்ணாத வீட்டார் உலர்ந்த காளானை இரவு முழுதும் நீரில் ஊறவைத்து அந்நீரைக் கொள்ளலாம். அங்குள்ள பௌத்தத் துறவிகளின் சமையலில் மீன் கலவாது. காளானும் கடற்பாசியுமே சாறு தரும்.

அடுத்துக் கஞ்சி. 'ஒகாயு' என்பது அதன் பெயர். ஒரு பங்கு அரிசிக்கு ஐந்து பங்கு நீர்; நோயாளிக்கு ஏழு பங்கு. அரிசியைக் கழுவி அரை மணி நேரம் ஊறவிட்டு, கனத்த பாத்திரத்தில் மிகச் சிறு தீயில் முக்கால் மணி நேரம் வைக்க வேண்டும். கிளறுதல் ஆகாது, கிளறினால் குழகுழத்துப் பசையாகிவிடும். இறுதியில் ஒரு சிட்டிகை உப்பு. அவ்வளவே! தொட்டுக்கொள்ள உமேபோஷி என்னும் உப்பிலிட்ட புளிப்புக் காய். அதற்கு ஈடாக ஆசிரியர் வீட்டிலிருந்து உப்பிலிட்ட நெல்லிக்காய் வந்தது. ஜப்பானில் ஜனவரி 7ஆம் நாள் ஏழுவகைக் கீரையிட்ட கஞ்சி உண்பது ஒரு மரபாம். இதை ஆசிரியரின் மனைவியாரிடம் கூறியபோது, அவர் சற்றும் வியக்கவில்லை. நம் ஆடி மாதமாகிய கர்க்கடகத்தில் இங்கே வீடுதோறும் மருந்துக் கஞ்சி வைப்பார்களே, அதுபோலத்தானே என்றார்.

மூன்றாவதாக, மீன். களியக்காவிளையில் வாங்கிய அயலை நான்கு. ஒரு குவளை நீர், மூன்று மேசைக்கரண்டி சோயாச் சாறு, இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை, தாராளமாக இஞ்சிச் சீவல். இவற்றைக் கொதிக்கவிட்டு மீனைப் பரப்பி, மீனின்மேல் படியுமாறு ஒரு மூடியை உள்ளேயே இறக்கி, 12 நிமிடம் வேகவைக்க வேண்டும். அவர்கள் இதற்கென மரமூடி வைத்திருக்கிறார்கள். நான் வாழையிலையை வட்டமாக நறுக்கி, நடுவே ஒரு துளையிட்டு மூடினேன். மிக நன்றாக அமைந்தது. ஓர் எச்சரிக்கை: சோயாச் சாறே உப்பு. முதல் முறை நான் வழக்கம்போல் கல்லுப்பும் சேர்த்துவிட்டேன். அந்த மீன் பூனைக்குப் போயிற்று; பூனையும் முகர்ந்துவிட்டுப் போயிற்று.

முட்டையைச் சாறோடும் சர்க்கரையோடும் அடித்துத் தோசைக்கல்லில் மெல்லியதாய் ஊற்றிச் சுருட்டிச் சுருட்டி எடுக்கும் தமகோயாகியும் செய்தேன். அது சுருளவில்லை, கந்தலாயிற்று. குழந்தைகள் அதைத்தான் அதிகம் விரும்பினார்கள்.

அம்மாவுக்குத் தனியே ஒரு கிண்ணத்தில் கஞ்சி வைத்து, மாசிச் சாறு இரண்டு கரண்டி ஊற்றி, நெல்லிக்காயை அருகே வைத்தேன். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். ஒரு வாய் குடித்தாள். நான் ஏதும் கேட்கவில்லை. என் மனைவி வாசற்படியிலேயே நின்றாள். "உப்பு காணாது" என்றாள் அம்மா. பிறகு மறுபடி குடித்தாள். பாதிக் கிண்ணம் காலியானபோது, "இதையா அவன் குடிக்கான்? இது கஞ்சில்லா" என்று சொல்லி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மீன் துண்டு ஒன்றையும் எடுத்தாள். இனிப்பாக இருக்கிறதென்று முகம் சுளித்தாளேயன்றி விலக்கவில்லை.

அன்று மாலையே தம்பியை அழைக்கச் சொன்னாள். ஜப்பானில் அப்போது இரவு பதினொரு மணி. நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி நேர வேறுபாடு. அவன் பணி முடிந்து வந்து படுத்திருந்தான். "ஏலே, பைக்கஞ்சி வாங்காதே. அரிசியை ஊறவச்சு சின்னத் தீயிலே வை, கிளறாதே" என்று, நான் அவனிடமிருந்து கற்று அவளிடம் ஒப்பித்ததையே அவனுக்குத் திருப்பிக் கற்பித்தாள். அவன் சிரித்துக்கொண்டே "சரிம்மா, சரிம்மா" என்றான். பிறகு மாசிச் சம்பலின் செய்முறையை ஆதியோடந்தமாகச் சொன்னாள். அங்கே தேங்காய் கிடைப்பது அரிதாம். அதைப் பற்றி இருவரும் நெடுநேரம் பேசினார்கள்.

தூத்துக்குடியிலிருந்து வந்த மாசி இப்போது ஒரு கைப்பிடிதான் மிச்சம். நண்பர் மீண்டும் எப்போது அப்பக்கம் பணிக்குப் போவாரென்று அம்மா நாள்தோறும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.